நாலரை டிகிரி

மூத்திரம் பொய் சொல்லாது. ஸ்கேன் அறையில் முப்பத்து நாலு வருடம் உட்கார்ந்து எழுந்து நான் கற்ற பாடம் இது ஒன்றுதான். அதையும் இந்த மே மாதம்தான் கற்றேன்.

என் பெயர் ஜான்சிராணி. பெயரைக் கேட்டதும் வாளையும் குதிரையையும் தேடாதீர்கள். இரண்டு முழங்காலிலும் வலி, ஓய்வு பெற நாலு மாதம், செங்கரடு மாவட்ட மருத்துவமனையில் நீர்மானி ஓட்டும் வேலை. அவ்வளவுதான் நான். நீர்மானி என்று அரசாங்கக் காகிதத்தில்தான் இருக்கும். ஜனங்களுக்கு அது தண்ணி மெஷின்.

கட்டியில் ஊசியைக் குத்திச் சதை எடுத்துச் சோதிக்கிற காலமெல்லாம் மலையேறிவிட்டது. சதையைப் பார்த்துச் சொல்லும் டாக்டர்கள் மாவட்டத்துக்கு ஒருவர்கூட இல்லாமல் போன பிறகு, மெஷினே பார்த்து மெஷினே தரம் சொல்லட்டும் என்று முடிவு செய்தார்கள். எப்படிச் சொல்லும் என்று நோயாளிகள் கேட்டால் நான் எரிந்து விழுவேன். ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்டால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? அந்த வேலையைப் பேச்சி எடுத்துக்கொண்டாள்.

பேச்சி எங்கள் அட்டெண்டர். ஒப்பந்த வேலை, நாற்பத்தாறு வயது, ஓட்டைவாய். நான் டாக்டர்களுக்குச் சொல்வதைக் காதில் வாங்கி, நடைபாதையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு என்னைவிட நன்றாகச் சொல்லுவாள்.

"பயப்படாதீங்க தாயி. ஊசி கிடையாது, கத்தி கிடையாது. நம்ம ஒடம்புக்குள்ள தண்ணி சும்மா இருக்காது, நடந்துக்கிட்டே இருக்கும். அது எவ்வளவு தூரம் நடக்குதுன்னுதான் இந்த மெஷினு பாக்கும். தேர்த் திருவிழாக் கூட்டத்துல நீங்க வீசி நடக்க முடியுமா? முடியாதுல்ல? அது மாதிரி, கட்டிக்குள்ள நெருக்கடி ஜாஸ்தியா இருந்தா தண்ணி நடக்க முடியாது. எம்புட்டு நெருக்கடியோ அம்புட்டுப் பொல்லாத கட்டி."

சொல்லிக்கொண்டே ஆளுக்கொரு டம்ளர் மோர் ஊற்றுவாள். இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம், மேலே ஐஸ் துண்டுகள். மெஷின் அறைக்குள் குளிரூட்டி உண்டு, வெளியே நடைபாதையில் காத்திருக்கிற மனுஷனுக்கு ஒரு விசிறி. கத்திரி வெயிலில் இப்போதெல்லாம் நாற்பத்தேழு டிகிரி போகிறது. போன வருடம் வரிசையில் நின்ற இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். அதிலிருந்து பேச்சி தன் வீட்டுப் பானையைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். யாரும் அவளிடம் கேட்கவில்லை, யாரும் அவளுக்குத் தயிர் வாங்கிக் கொடுக்கவுமில்லை. நானும் தினம் இரண்டு டம்ளர் குடிப்பேன். பல் கூசுகிற குளிர்ச்சி. ஐஸ் எங்கேயிருந்து வருகிறது என்று ஒரு நாள்கூட நான் கேட்டதில்லை.

மெஷின் கடைசியில் ஒரு சீட்டு தரும். ஒன்று, இரண்டு என்று வந்தால் அறுவை. மூன்று என்றால் புது மருந்து, பதினெட்டு வாரம், பாதிக்கு மேல் பிழைத்துவிடுகிறார்கள். நாலு வந்தால் வலி மாத்திரையும் வீட்டுக்குப் போகச் சொல்லி ஒரு கடிதமும். மருந்து எல்லோருக்கும் போதாது, பலன் இருக்கிறவர்களுக்குத்தான் கொடுக்க முடியும் என்பது சட்டம். சீட்டில் டாக்டர்கூடக் கை வைக்க முடியாது. மறுபடி ஸ்கேன் வேண்டுமானால் ஆறு மாதம் கழித்து வரவேண்டும். நாலாம் சீட்டுக்காரனுக்கு ஏது ஆறு மாதம்?

மே பதினான்காம் தேதி பேச்சி வந்து, "அக்கா, தொடையில ஒண்ணு ரொம்ப நாளா உருண்டுக்கிட்டே இருக்கு, பாத்துருங்களேன்" என்றாள். கொய்யாப்பழம் அளவுக்கு இருந்தது. எத்தனை நாளாக என்று கேட்டேன். பொங்கலிலிருந்து என்றாள். பொங்கலிலிருந்து அந்தக் காலோடுதான் தண்ணீர்க் குடமும் மோர்ப்பானையும் தூக்கியிருக்கிறாள். அவளைத் திட்டித் தீர்த்தேன். திட்டிக்கொண்டே மெஷினில் படுக்க வைத்தேன். மூச்சைக்கூட மெதுவாக விடு என்றேன். அவள் கல்லு மாதிரி கிடந்தாள்.

கட்டிக்குள் தண்ணீர் நடக்கும் அளவு புள்ளி ஏழு ஒன்று. புள்ளி ஏழு ஐந்துக்குக் கீழே போனால் நாலு.

சீட்டை நான் மறைக்கப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். பிறகு, "சரி விடுங்கக்கா, வெளிய பதினோரு பேரு உக்காந்திருக்காங்க. மோரு தீந்துபோச்சு" என்று சொல்லிச் சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு முன்னால் அழுவது அசிங்கம் என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் டப்பாவைத் திறக்கப் பிடிக்காமல் அவளுடைய படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்து என்ன ஆகப்போகிறது? ஒன்றுமில்லை. சும்மா அம்புக்குறியை அங்கேயும் இங்கேயும் நகர்த்தினேன். தொடையின் மேல்பகுதியை எடுத்ததால் படத்தின் ஓரத்தில் மூத்திரப்பையும் விழுந்திருந்தது. அம்புக்குறி அதன்மேல் நின்றது. இரண்டு புள்ளி ஐந்து ஐந்து என்று எண் வந்தது.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மூத்திரப்பையில் இருப்பது வெறும் தண்ணீர் மாதிரிதான். அதில் நெருக்கடி கிடையாது, கூட்டம் கிடையாது. கலெக்டருக்கும் அதே எண், பிச்சைக்காரனுக்கும் அதே எண். மனுஷ உடம்புச் சூட்டில் அது மூன்று வர வேண்டும். பேச்சிக்கு மட்டும் ஏன் இரண்டரை?

மூத்திரப்பை விழுந்திருந்த முந்தின ஆளின் படத்தைத் திறந்தேன். இரண்டு ஐந்து ஆறு. அதற்கு முந்தினது இரண்டு ஐந்து நாலு. ஜனவரிப் படங்களைத் திறந்தேன். எல்லாம் மூன்று. பிப்ரவரி, மார்ச், மூன்று. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து குறைகிறது. மெஷின் எல்லாத் தண்ணீரையும் ஆறில் ஒரு பங்கு குறைத்துச் சொல்கிறது என்றால், எல்லாக் கட்டியையும் உள்ளதைவிடப் பொல்லாததாகக் காட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

மெஷின் தானாகக் கெடாது. தினம் காலையில் அது தன்னைச் சரிபார்த்துக்கொள்கிறது. அதற்கென்று ஒரு பெட்டி உண்டு. பெட்டி நிறைய ஐஸ், நடுவில் சுத்தத் தண்ணீர் அடைத்த பாட்டில். ஐஸ் கரைகிற தண்ணீர் எந்த ஊரிலும் பூஜ்ய டிகிரிதான், ஆகையால் பாட்டில் தண்ணீர் எவ்வளவு நடக்கும் என்பது மெஷினுக்கு முன்கூட்டியே தெரியும். பாட்டிலைப் படம் எடுத்து, அந்தக் கணக்கோடு ஒத்துப்பார்த்து, அன்றைய அளவைத் திருத்திக்கொள்ளும். கடைக்காரன் தராசில் எடைக்கல்லை வைத்துப் பார்க்கிற மாதிரிதான். எடைக்கல்லிலேயே தப்பு இருந்தால் அன்றைக்கு நிறுக்கிற எல்லாமே தப்பு.

ராத்திரி வேலைக்காரர் விடிகாலையில் பெட்டியில் ஐஸ் நிரப்பி வைப்பார். நான் ஏழரைக்கு வந்து பெட்டியை அப்படியே தள்ளி மெஷினுக்குள் வைப்பேன். திரையில் மூன்று கேள்வி வரும். பெட்டியில் ஐஸ் நிறைந்துள்ளதா? ஆம். ஒரு மணி நேரம் ஊறியதா? ஆம். மூடியைத் திறந்து பார்த்தீர்களா? ஆம். மூன்று 'ஆம்', ஒரு கைரேகை. நான் மூடியைத் திறந்து எத்தனை வருடமாயிற்று என்று எனக்கே ஞாபகமில்லை.

மறுநாள் ஆறு மணிக்கே போய் உட்கார்ந்தேன். ஆறேகாலுக்குப் பேச்சி வந்தாள், காலை லேசாக இழுத்தபடி. என்னைக் கண்டதும், "என்னக்கா, சூரியன் மேற்க உதிச்சிருச்சா?" என்று சிரித்தாள். பானையைக் கழுவினாள், மோரைக் கடைந்தாள். பிறகு சாதாரணமாக உள்ளே போய், பெட்டியின் மூடியைத் திறந்து, பெரிய சொம்பால் ஐஸை அள்ளினாள். நாலு சொம்பு. அள்ளிய இடத்தில் குழாயிலிருந்து தண்ணீர் பிடித்து ஊற்றி, கோடு வரைக்கும் நிரப்பி, மூடியைத் துடைத்து மூடினாள்.

"என்னடி பண்ற?" என்றேன்.

"ஐஸ்தான்க்கா. முன்னாடி கேண்டீன் ஃபிரிட்ஜுல எடுப்பேன். அது மார்ச்சு கடைசியில செத்துப்போச்சு. எழுதிக் குடுத்தாச்சு, எவன் வந்து பாத்தான்? இங்க பெட்டி நெறைய சும்மாதான கரையுது. தண்ணி கொறைஞ்சா நீங்க வைவீங்கன்னு கோடு வரைக்கும் ஊத்தி வச்சிருவேன், பாத்தீங்கல்ல?"

கெட்டிக்காரத்தனமாகச் செய்துவிட்டோம் என்ற பெருமை அவள் முகத்தில் இருந்தது. அவள் வெளியே போனதும் மூடியைத் திறந்தேன். மேலே நாலைந்து துண்டு மிதந்தது. வெப்பமானியை விட்டுப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் அதுவும் கரைந்துவிட்டது, பாட்டில் தண்ணீர் நாலரை டிகிரி.

நாலரை டிகிரிதான். சூடு ஏறினால் தண்ணீர் கூடுதலாக நடக்கும். மெஷின் என்ன நினைத்தது? 'இது பூஜ்ய டிகிரித் தண்ணீர், ஆனால் கூடுதலாக நடக்கிற மாதிரி எனக்குத் தெரிகிறது, ஆகவே என் கண்ணில்தான் கோளாறு' என்று நினைத்து, அன்றைக்குப் பார்த்த எல்லாவற்றையும் குறைத்துக்கொண்டது. பாவம், அதுவும் நம்பித்தான் மோசம் போயிருக்கிறது. நான் போட்ட மூன்று 'ஆம்'களை நம்பி.

டாக்டர் நித்திலனிடம் போனேன். முப்பது வயசுப் பிள்ளை. புற்றுநோய்ப் பிரிவுக்கே அவர் ஒருவர்தான். எப்போதும் தூங்காத கண். நான் சொல்லி முடிக்கும்வரை பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"பேச்சியம்மாவோட உண்மையான நம்பர் என்ன வரும் ஜான்சிம்மா?"

"புள்ளி எட்டு மூணு. மூணாம் தரம்."

"அப்ப ஒண்ணு செய்வோம். நோயாளி அசைஞ்சதால படம் கலைஞ்சு போச்சுன்னு போட்டா ஏழு நாளைக்குள்ள மறுபடி எடுக்க விதி இருக்கு. இன்னிக்கே ஐஸை முழுசாப் போட்டு எடுத்துருங்க. யாரும் கேக்கமாட்டாங்க."

"மத்தவங்க?"

அவர் பேனாவை மேசையில் வைத்தார். "மத்தவங்களுக்கு ஏழு நாள் தாண்டிருச்சு. நீங்க அளவைப் பிழைன்னு அறிக்கை போட்டா, ஏப்ரல்ல இருந்து இந்த மெஷின் குடுத்த எல்லாச் சீட்டும் ரத்து. முந்நூறு பேருக்கு மேல. பாதிப் பேரு மருந்துல இருக்காங்க, அதுவும் நிக்கும். உங்க உரிமம் போகும். பேச்சியம்மாவை வீட்டுக்கு அனுப்பிருவாங்க. முதல்ல அவங்களைக் காப்பாத்துங்க. அப்புறம் யோசிப்போம்."

"யோசிப்போமா தம்பி?"

"என்னை என்ன பண்ணச் சொல்றீங்க? நானும்தான் அந்த மோரைக் குடிச்சேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, களைப்பாகச் சொன்னார்.

அவர் சொன்னபடியே செய்தேன். வெளியே தெரு முனையிலிருந்து ஐஸ் கட்டி வாங்கிவந்து, கைவலிக்க உடைத்துப் பெட்டியில் கொட்டி, ஒரு மணி நேரம் காவல் இருந்தேன். பூஜ்யம். மெஷினைத் திருத்தினேன். பேச்சியைப் படுக்க வைத்தேன். மூத்திரப்பை மூன்று வந்தது. கட்டி புள்ளி எட்டு மூன்று. சீட்டில் மூன்று.

பேச்சி சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "ஆத்தி! எந்தச் சாமிக்கா இது? நான் நேத்து மாரியம்மனுக்கு மாவிளக்கு நேந்துக்கிட்டேன். அதுக்குள்ளயா?" என்று சிரித்தாள், அழுதாள், என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் சிரித்தேன். ஐந்து நிமிடம் நாங்கள் இருவரும் சந்தோஷமாக இருந்தோம், அதைப் பொய் என்று சொல்லமாட்டேன்.

சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், காரணம் என்று இருந்த இடத்தில் விரலை வைத்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும் அவளுக்கு. "நோயாளி அசைவு." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நான் அசையவே இல்லையேக்கா. நீங்க மூச்சக்கூட மெதுவா விடுன்னீங்க. கொசு கடிச்சது, அப்பக்கூட அசையல."

நான் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி இருந்தேன்.

"அக்கா, எதையோ மறைக்கிறீங்க. காலையில நான் ஐஸ் எடுக்கையில உங்க மூஞ்சி செத்துப்போச்சு. சொல்லுங்க."

சொன்னேன். எடைக்கல்லை உதாரணம் காட்டிச் சொன்னேன். பாதியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. நடைபாதையில் நூறு பேருக்கு விளக்கியவள்தானே. தரையில் உட்கார்ந்துகொண்டாள். "எத்தனை பேரு?" என்றாள்.

"நாலு வாங்கினவங்க நாப்பத்தொரு பேரு. எண்ணை மட்டும் வச்சுக் குத்துமதிப்பாப் பாத்தா, அதுல மூணா இருக்கக்கூடியவங்க இருபத்தி மூணு பேரு, உன்னைச் சேர்க்காம."

"இருபத்தி மூணு பேரும் நம்ம மோரு குடிச்சாங்களாக்கா?"

"குடிச்சிருப்பாங்க."

அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "அவங்களுக்கு மறுபடி எடுக்கணும்ல?" என்றாள்.

"எடுக்கலாம். நான் அறிக்கை போடணும். போட்டா இந்த மெஷின் இன்னிக்கு வரைக்கும் குடுத்த எல்லாச் சீட்டும் ரத்து. இப்ப உன் கையில இருக்குறதும்தான். பழைய தேதி வரிசைப்படி திரும்பக் கூப்பிடுவாங்க. நீ பழைய சீட்டு வாங்கினது மே பதினாலு. கிட்டத்தட்டக் கடைசி."

"எம்புட்டு நாளாகும்?"

"மூணு வாரம். நாலு வாரமும் ஆகலாம்."

"அதுக்குள்ள இது நாலாயிருமா?"

"தெரியலடி. ஆகலாம். ஆகாமலும் இருக்கலாம்."

அவள் சீட்டை நாலாக மடித்து என் மேசையில் வைத்தாள். தொடையைத் தடவிக்கொண்டாள். "எழுதுங்கக்கா. ஐஸ் எடுத்தது பேச்சின்னு எழுதுங்க."

"அப்படி எழுதமாட்டேன். மூடியைத் திறக்காம கைரேகை வச்சது ஜான்சிராணின்னுதான் எழுதுவேன்."

"உங்களுக்கு நாலு மாசந்தான இருக்கு, எதுக்கு நீங்க? எனக்கென்ன, இங்க இல்லேன்னா எங்கியாச்சும் பாத்திரம் கழுவுவேன்."

"வாயை மூடுடி. குருவி தலையில பனங்காயை வச்ச கதையா, எல்லாத்தையும் நீயே சுமக்காத."

கத்தினேன். வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் இரண்டையும் எழுதினேன். ஐஸ் எடுக்கப்பட்டது, மூடி திறக்கப்படவில்லை, கேண்டீன் ஃபிரிட்ஜ் பழுதாகி ஒன்றரை மாதம் ஆகிறது. மூன்றாவதை எவன் படிக்கப்போகிறான் என்று தெரிந்தும் எழுதினேன். கைரேகை வைப்பதற்கு முன்னால் ஒரு தடவை பேச்சியின் முகத்தைப் பார்த்தேன். அவள் தலையாட்டினாள்.

மத்தியானத்துக்குள் பதில் வந்துவிட்டது. வேறு மாவட்டத்திலிருந்து ஆள் வரும்வரை மெஷின் நிற்கும். திங்கட்கிழமையிலிருந்து நான் இடைநீக்கம், பேச்சிக்கு வேலை இல்லை. அதற்குள் சீட்டு ரத்தானதை ஒவ்வொரு நோயாளிக்கும் நானே போன் செய்து சொல்லவேண்டும். டாக்டர் நித்திலன் வந்து கதவருகில் நின்றார். நாலாம் சீட்டுக்காரர்களின் பட்டியலை மட்டும் முதலில் வருகிற மாதிரி எனக்கு அடுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பேச்சி பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். போக மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். போனை ஒலிபெருக்கியில் வைத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டோம். ஒருத்தி, "நிசமாவா? நிசமாவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு ஆள் என்னைப் பெற்றவளையும் சேர்த்துத் திட்டினார், கேட்டுக்கொண்டேன். ஒருவர் சீட்டு வந்த மறுநாளே நிலத்தைப் பிள்ளைகளுக்கு எழுதி வைத்துவிட்டு, இப்போது தன் வீட்டிலேயே விருந்தாளியாக இருக்கிறாராம். மூன்று எண்களில் யாரும் எடுக்கவில்லை. பேச்சி ஒவ்வொரு பெயருக்கும் விரலை மடக்கினாள்.

பதினேழாவது பெயர் தமயந்தி. ஏப்ரல் ஒன்பதாம் தேதி. கர்ப்பப்பையில் கட்டி. அவள் புருஷன் எடுத்தார், பெயர் சங்கரலிங்கம்.

"தமயந்தியா? அவ போயி இன்னியோட பன்னெண்டு நாளாச்சுங்க" என்றார். பின்னால் எங்கோ ஆடு கத்தியது. "ஆசுபத்திரியில இருந்தா பேசுறீங்க? அங்க ஒரு அம்மா மோரு குடுப்பாங்களே, இருக்காங்களா? அன்னிக்கு வெயிலுல நாங்க நாலு மணி நேரம் உக்காந்திருந்தோம். ஐஸு போட்டு ரெண்டு டம்ளரு குடுத்தாங்க. கடைசி வரைக்கும் அதையேதான் சொல்லிக்கிட்டுக் கிடந்தா. தண்ணி எறங்காம கஷ்டப்பட்டப்பக்கூட, 'அந்தம்மா குடுத்த மாதிரி ஒரு வாய் மோரு குடுங்க'ன்னா. அவங்களைப் பாத்தா நான் கும்பிட்டேன்னு சொல்லுங்க."

பேச்சி சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின.

எனக்கு அப்போதே போனை வைத்துவிட வேண்டும் போலிருந்தது. செத்தவளின் சீட்டு ரத்தானால் என்ன, ஆகாவிட்டால் என்ன? ஆனால் இவ்வளவு நாள் நான் செய்ததே அதுதானே, மூடியைத் திறக்காமல் ஆம் ஆம் என்று அழுத்தியது. விஷயத்தைச் சொன்னேன். ஐஸ், பெட்டி, நாலரை டிகிரி, எல்லாம்.

"அப்ப அவளுக்கு நாலு இல்லையா?"

"திரும்பக் கணக்குப் போட்டாத்தான் தெரியுங்க."

"அவ படம் இருக்கா?"

"இருக்கு."

"போட்டுப் பாருங்க. நான் வச்சுக்கிட்டு இருக்கேன்."

தமயந்தியின் படத்தைத் திறந்தேன். மூத்திரப்பை இரண்டு ஐந்து ஐந்து. கட்டி புள்ளி ஏழு பூஜ்யம். காகிதத்தில் பெருக்கி வகுத்தேன், இரண்டு தடவை. புள்ளி எட்டு இரண்டு. பேச்சி காகிதத்தைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். என் கையைப் பிடித்து, நாலு விரலைக் காட்டி, கெஞ்சுகிற மாதிரித் தலையை ஆட்டினாள். நாலுன்னு சொல்லிருங்கக்கா. போனவ போயிட்டா, அந்த மனுஷனாவது நிம்மதியா இருக்கட்டும். வாயால் சொல்லாவிட்டாலும் எனக்குக் கேட்டது. அவள் அப்படித்தான். வெயிலில் யார் உட்கார்ந்திருந்தாலும் அவளுக்குப் பொறுக்காது.

"மூணுங்க" என்றேன்.

ஆடு மட்டும் மறுபடி கத்தியது. என்னைத் திட்டட்டும், சாபம் விடட்டும் என்று காத்திருந்தேன். அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"சரிங்க" என்றார். பிறகு, "என் மகளுக்குக் கழுத்துல ஒண்ணு தட்டுப்படுதுங்க. ஒரு மாசமா இருக்கு. அம்மாவுக்கு வந்த மாதிரி இருக்குமோன்னு பயந்துகிட்டு எங்கயும் காட்டல. வேற மெஷினு நமக்கு எங்க இருக்கு? அங்கதான் கூட்டிட்டு வரணும். அந்தப் பெட்டியை இப்ப யாராச்சும் தெறந்து பாக்குறாங்களா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். திங்கட்கிழமையிலிருந்து அந்த அறைக்குள் எனக்கு இடமில்லை. புதிதாக வருகிறவர் யாரோ, எப்படிப்பட்டவரோ, மூன்று கேள்விக்கும் ஆம் போடுகிறவரோ என்னவோ.

பேச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைத் தன் பக்கம் இழுத்தாள்.

"கூட்டிட்டு வாங்கண்ணே. மோரு குடுத்தவதான் பேசுறேன். இனிமே அங்க வேலையில இருக்கமாட்டேன், ஆனா வரிசையில இருப்பேன், எனக்கும் கட்டிதான். ஆறு மணிக்கே வந்து உக்காந்துருவேன். அவங்க தெறக்காட்டியும் தெறக்கச் சொல்லி, நானே கையை விட்டுப் பாத்துருவேன்" என்றாள்.